600 ஆண்டுகள் வேறு மொழியின் ஆட்சி... விவசாயிகளின் பேச்சு ஒரு நாட்டின் மொழியானது எப்படி? பின்னிஷ் மொழியின் கதை

கையில் நோக்கியா போன் வைத்துக்கொண்டு பாம்பு கேம் விளையாடிய காலம் நினைவிருக்கிறதா? அந்த கம்பெனி பின்லாந்தைச் சேர்ந்தது. பிறகு வந்த 'ஆங்ரி பேர்ட்ஸ்' கேமும் அங்கிருந்து வந்ததுதான். ஜிம்களிலும் ஸ்டார் ஹோட்டல்களிலும் இருக்கும் நீராவிக் குளியல் அறையை 'சானா' என்கிறோமே, அது அந்த நாட்டு மொழியிலிருந்து உலகம் முழுக்கப் போன சொல்.

ஆனால் இந்த மொழி ஒரு காலத்தில் எந்த நிலைமையில் இருந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை பின்னிஷ் மொழியில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. அரசு அலுவலகத்தில் பின்னிஷ் கிடையாது. நாட்டில் பெரும்பாலானோர் பேசியது அந்த மொழிதான். ஆனாலும் படித்தவர்கள் பேசும் மொழி வேறு, பல்கலைக்கழகத்தின் மொழி வேறு, சட்டத்தின் மொழி வேறு.

அங்கிருந்து அது ஆட்சிமொழியானது. நோபல் பரிசு வாங்கிய இலக்கியம் அதில் எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்றாகவும் ஆனது. இதெல்லாம் எப்படி நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- பின்னிஷ், ஸ்வீடிஷுக்கோ ரஷ்ய மொழிக்கோ உறவில்லாத 'யூராலிக்' குடும்பத்து மொழி.
- முதல் அச்சுப் புத்தகம் 1543இல் வந்தது. அரசு அலுவலகங்களில் இடம் கொடுக்கும் ஆணை வர 1863 ஆனது.
- அந்த இடத்தை வாங்கித் தர முன்னே நின்றவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஸ்வீடிஷ்.
- 1902இல் பின்னிஷ் முழு ஆட்சிமொழி. 1919 அரசியலமைப்பின்படி பின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டுமே தேசிய மொழிகள்.

பின்னிஷ் எந்தக் குடும்பத்து மொழி?

ஐரோப்பாவில் பேசப்படும் பெரும்பாலான மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்லாந்தின் மூன்று பக்கத்து நாடுகளான ஸ்வீடன், நார்வே, ரஷ்யா ஆகியவற்றின் முக்கிய மொழிகளும் அப்படித்தான். பின்னிஷ் மட்டும் அதில் சேராது.

அது யூராலிக் என்ற வேறொரு குடும்பம். கடலுக்கு அந்தப் பக்கம் பேசப்படும் எஸ்டோனிய மொழி இதற்கு நெருங்கிய சொந்தம். ஹங்கேரிய மொழி தூரத்துச் சொந்தம். வடக்கே வாழும் சாமி மக்களின் மொழிகளும் இதே குடும்பம்தான். (இது நம்ம ஊர் 'சாமி' இல்லை. அந்தப் பழங்குடி மக்களின் பெயரே அதுதான்.)

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அதில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி பின்னிஷ். சுமார் 5 சதவீதம் பேருக்கு ஸ்வீடிஷ். பின்லாந்து மக்கள் தங்கள் நாட்டை 'சுவோமி' என்கிறார்கள். மொழிக்கும் அதே பெயர்தான்.

கற்றுக்கொள்ள ரொம்ப கஷ்டமா?

ஐரோப்பியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காரணம், வேற்றுமை உருபுகள். பின்னிஷில் 15 வேற்றுமைகள் உண்டு. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக முன்னால் வருவது, இங்கே பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் தெரிந்தவருக்கு இது புதுசாக இருக்காது. 'தலோ' என்றால் வீடு. 'தலோஸ்ஸ' என்றால் வீட்டில். 'தலோஸ்த' என்றால் வீட்டிலிருந்து. 'தலோய்ஸ்ஸனிகின்' என்றால் 'என் வீடுகளிலும்'. அதாவது வீடு, பன்மை, இல், என், உம் என ஐந்து விஷயங்கள் ஒரே சொல்லில் வரிசையாக நிற்கின்றன. இப்படிக் கட்டப்படும் மொழிகளை 'ஒட்டுநிலை மொழிகள்' என்பார்கள். தமிழும் அந்த வகைதான். அதற்காக இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. திராவிட மொழிகளுக்கும் யூராலிக் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

இன்னொரு விஷயம். பின்னிஷில் ஆண்பால், பெண்பால் கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் 'ஹேன்' என்ற ஒரே சொல்தான்.

எழுத்தில் எப்போது வந்தது?

பின்னிஷும் அதன் உடன்பிறப்பு மொழிகளும் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே இருந்தன. இந்தக் கிளையில் கிடைத்த மிகப் பழைய எழுத்து, ரஷ்யாவின் நோவ்கொரோட் நகரில் 1957இல் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு பிர்ச் மரப்பட்டைத் துண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் இருப்பது மின்னலைப் பற்றிய ஒரு மந்திரம் போன்ற சில வரிகள். அதுவும் பின்னிஷுக்கு நெருக்கமான கரேலிய வழக்கில் எழுதப்பட்டது என்கிறார்கள்.

பின்னிஷ் முறையாகப் புத்தகத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். ஐரோப்பாவில் மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் பரவிய நேரம் அது. மக்கள் தங்கள் சொந்த மொழியில் பைபிள் படிக்க வேண்டும் என்றார் லூதர். அவர் இருந்த விட்டன்பர்க் நகருக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவர் மிகாயேல் அக்ரிகோலா. பின்னாளில் துர்கு நகரின் பிஷப் ஆனார்.

1543இல் அவர் 'அப்கிரியா' என்ற சின்ன அரிச்சுவடியை அச்சிட்டார். பின்னிஷில் வந்த முதல் அச்சுப் புத்தகம் அதுதான். 1548இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வெளியிட்டார். பல கருத்துகளுக்கு அந்த மொழியில் அப்போது சொல்லே கிடையாது. எழுதுவதற்கு ஒரே சீரான முறையும் இல்லை. இரண்டையும் அவரே உருவாக்க வேண்டியிருந்தது. அவர் இறந்தது 1557 ஏப்ரல் 9. இன்றும் ஏப்ரல் 9 பின்லாந்தில் பின்னிஷ் மொழி நாள்.

வீட்டில் ஒரு மொழி, கோர்ட்டில் இன்னொரு மொழி

புத்தகம் வந்துவிட்டது. அப்புறம் மொழி வளர்ந்திருக்கும்தானே? அங்கேதான் சிக்கல்.

பின்லாந்து சுமார் 600 ஆண்டுகள் ஸ்வீடன் அரசின் ஒரு பகுதியாக இருந்தது. சட்டம், நிர்வாகம், வியாபாரம் எல்லாம் ஸ்வீடிஷ். 1640இல் துர்குவில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே பாட மொழி லத்தீன். பின்னிஷுக்கு இருந்த ஒரே பொது இடம் சர்ச்.

சர்ச்சால் ஒரு நல்லது நடந்தது. 1686இல் வந்த ஸ்வீடன் சர்ச் சட்டம், எல்லோரும் படிக்கக் கற்க வேண்டும் என்றது. வாசிக்கத் தெரியாதவருக்கு சர்ச்சில் உறுதிப்பூசுதல் சடங்கு கிடையாது, அது இல்லாமல் கல்யாணமும் நடக்காது என்ற நிலை வந்தது. இதனால் ஏழை விவசாயிகள்கூட பின்னிஷில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்கள். ஆனால் எழுதுவதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிக்கக் கிடைத்ததும் பெரும்பாலும் மதப் புத்தகங்கள்தான்.

ஒரு விவசாயி தன் நிலத் தகராறுக்காக கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்பு அவருக்குப் புரியாத மொழியில் எழுதப்படும். மகனைப் படிக்க வைத்து அதிகாரியாக்க நினைத்தால், மகன் ஸ்வீடிஷுக்கு மாற வேண்டும். பெயரையும் மாற்றிக்கொள்வது வழக்கம். முன்னேறிய குடும்பம் ஒவ்வொன்றும் மொழியை விட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தது.

ரஷ்யா வந்ததும் என்ன மாறியது?

1808-09 போரில் ஸ்வீடன் தோற்றது. பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. ஆனால் தனிச் சட்டங்கள், தனி நிர்வாகம் கொண்ட பகுதியாக அதை வைத்திருக்க ஜார் மன்னர் முதலாம் அலெக்ஸாண்டர் ஒப்புக்கொண்டார். 1812இல் தலைநகர் துர்குவிலிருந்து ஹெல்சின்கிக்கு மாறியது.

இப்போது பின்லாந்தின் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்தது. ஸ்வீடனோடு இருந்த தொடர்பு முறிந்துவிட்டது. ரஷ்யர்களாக மாற விருப்பம் இல்லை. அப்படியென்றால் நாம் யார்?

'பெரும்பாலான மக்கள் பேசும் மொழியே நம் அடையாளம்' என்று ஒரு சாரார் பதில் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிலை அவர்கள் எழுதியதே ஸ்வீடிஷில்தான். பலருக்கு பின்னிஷ் சரளமாக வராது. வளர்ந்த பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

1831இல் பின்னிஷ் இலக்கியச் சங்கம் ஹெல்சின்கியில் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

ஒரு டாக்டர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த காவியம்

எலியாஸ் லொன்ரோட் ஒரு ஏழைத் தையல்காரரின் மகன். பின்னிஷ் பேசும் குடும்பம். படித்து டாக்டராகி, கயானி என்ற தொலைதூர ஊரில் மாவட்ட மருத்துவராக வேலை பார்த்தார்.

1828 முதல் 1844 வரை அவர் 11 பயணங்கள் போனார். பெரும்பாலும் நடை, சில நேரம் படகு, பனிக்காலத்தில் ஸ்கீ. கிராமங்களில் வயதானவர்கள் மனப்பாடமாகப் பாடிய பழைய பாடல்களை எழுதி எடுத்தார். எல்லையைத் தாண்டி, ரஷ்யாவுக்குள் இருந்த கரேலியா பகுதியில்தான் அதிகம் கிடைத்தது. 1834இல் அங்கே அவர் சந்தித்த அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற பாடகர் நாள்கணக்கில் பாடிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பாடல்களை வரிசைப்படுத்தி, இணைத்து, தேவையான இடத்தில் தானும் சில வரிகள் சேர்த்து லொன்ரோட் உருவாக்கியதுதான் 'கலேவலா'. முதல் பதிப்பு 1835இல் வந்தது. 1849இல் வந்த விரிவான பதிப்பில் 50 பாடல்கள், 22,795 வரிகள். கலேவலாவின் முன்னுரையில் அவர் கையெழுத்திட்ட பிப்ரவரி 28, இன்று பின்லாந்தின் கலாசார நாள்.

இந்தப் புத்தகம் விற்பனையில் உடனே சாதனை படைக்கவில்லை. ஆனால் ஒரு வேலையைச் செய்தது. 'பின்னிஷில் என்ன இருக்கிறது?' என்ற ஏளனக் கேள்வியை நிறுத்தியது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. பாடியவர்களில் பலர் எழுதத் தெரியாத கரேலிய கிராமத்து மக்கள். காவியம் பின்லாந்தின் தேசியச் சொத்தானது. கரேலிய மொழியோ தனி மொழியாகக்கூடப் பார்க்கப்படாமல் நெடுங்காலம் ஓரத்திலேயே இருந்தது.

தடையும் வந்தது, ஆணையும் வந்தது

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சிகள் வெடித்தன. விவசாயிகளுக்குப் புரியும் மொழியில் இதெல்லாம் அச்சாகிப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ரஷ்ய அரசு பயந்தது. 1850இல் ஒரு தடை வந்தது. மதமும் பொருளாதாரமும் சார்ந்த விஷயங்களைத் தவிர வேறு எதையும் பின்னிஷில் அச்சிடக் கூடாது! கதை கூடாது, அரசியல் செய்தி கூடாது. சில ஆண்டுகளில் இது தளர்த்தப்பட்டது.

இந்தக் காலத்தின் முக்கியமான பெயர் யோஹான் வில்ஹெல்ம் ஸ்னெல்மான். ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். தாய்மொழி ஸ்வீடிஷ். எழுதியதும் ஸ்வீடிஷில்தான். ஆனால் அவர் சொன்ன வாதம் தெளிவானது. மக்களின் மொழியும் படித்தவர்களின் மொழியும் வேறு வேறாக இருக்கும் வரை அது ஒரு தேசம் ஆகாது. விவசாயியை ஸ்வீடிஷ் படி என்று சொல்வதற்குப் பதிலாக, படித்தவர்கள் பின்னிஷுக்கு வர வேண்டும்.

1858இல் யுவாஸ்குலா என்ற ஊரில் பின்னிஷ் வழியில் பாடம் நடத்தும் முதல் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. 1863இல் அதே ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் கேட்கப்படும் 'பின்னிஷில் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு விடை இந்தப் பள்ளிகளில்தான் தயாரானது.

1863 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஜார் இரண்டாம் அலெக்ஸாண்டர் மொழி ஆணையில் கையெழுத்திட்டார். பின்னிஷ் பேசும் மக்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் பின்னிஷுக்கு ஸ்வீடிஷோடு சம இடம். அதிகாரிகள் தயாராக 20 ஆண்டு அவகாசம். ரஷ்யாவுக்கும் இதில் கணக்கு உண்டு. பின்லாந்து எந்த அளவுக்கு ஸ்வீடனைவிட்டு விலகுகிறதோ அந்த அளவுக்கு அதற்கு நல்லது.

1902இல் பின்னிஷ் முழுமையான ஆட்சிமொழி ஆனது. முதல் பள்ளியிலிருந்து கணக்குப் போட்டால் வெறும் 44 ஆண்டுகள்.

'மின்சாரம்' என்பதற்கு என்ன சொல்வது?

பள்ளியில் பாடம் நடத்தணும்னா சொற்கள் வேணுமே! இயற்பியலுக்கு, மருத்துவத்துக்கு, சட்டத்துக்கு, இலக்கணத்துக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான சொற்கள் உருவாக்கப்பட்டன.

வெளியிலிருந்து கடன் வாங்கியதும் உண்டு. ஆனால் முடிந்தவரை உள்ளூர் வேர்ச்சொல்லிலிருந்தே உருவாக்கினார்கள். மின்சாரத்துக்கு 'சேஹ்கோ'. தீப்பொறி, சீறல் என்ற பொருள் தரும் பழைய சொற்களைச் சேர்த்து 1845இல் ஒரு டாக்டர் உருவாக்கியது. தொலைபேசிக்கு 'புஹெலின்'. 'பேசு' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே வழிதான். அது 'தியெதோகோனெ'. அதாவது 'அறிவு இயந்திரம்'.

ஒரே வேரிலிருந்து ஒரு குடும்பமே வரும். 'கிர்யா' என்றால் புத்தகம். 'கிர்யஸ்தோ' நூலகம். 'கிர்யைலியா' எழுத்தாளர். 'கிர்யல்லிசூஸ்' இலக்கியம். படிக்கும் பிள்ளை ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் மற்றதை ஊகித்துவிடலாம்.

கலேவலா தொகுத்த லொன்ரோட்டும் இதில் முக்கியமானவர். விவசாயிகளுக்காக 1839இல் பின்னிஷில் வீட்டு வைத்தியப் புத்தகம் எழுதினார். காய்ச்சல், தமனி, சிரை ஆகியவற்றுக்கு இன்று புழங்கும் சொற்கள் அவர் தந்தவை. பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட பின்னிஷ்-ஸ்வீடிஷ் அகராதியையும் முடித்தார்.

திட்டு வாங்கிய முதல் நாவல்

அலெக்ஸிஸ் கிவி 1870இல் 'ஏழு சகோதரர்கள்' என்ற நாவலை வெளியிட்டார். பின்னிஷில் வந்த முதல் முக்கியமான நாவல் இதுதான். காட்டுக்குள் ஓடிப்போகும் ஏழு முரட்டு அண்ணன் தம்பிகளின் கதை. அவர்களுடைய பெரிய பிரச்சினையே படிக்கக் கற்றுக்கொள்வதுதான். சர்ச்சில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் அவமானப்படுகிறார்கள்.

இந்த நாவலைக் கடுமையாகத் தாக்கியவர் ஸ்வீடிஷ் ஆதரவாளர் அல்ல. பின்னிஷ் மொழியின் பேராசிரியரான ஆகஸ்ட் அல்க்விஸ்ட்! பின்னிஷ் மக்களை இப்படிக் கரடுமுரடாகக் காட்டுவதா என்பது அவர் கோபம். மனநலம் பாதிக்கப்பட்டு, வறுமையில் இருந்த கிவி 1872இன் கடைசி நாளில் இறந்தார். வயது 38. இன்று அவர் பின்லாந்தின் தேசிய எழுத்தாளர். அவர் பிறந்த அக்டோபர் 10, பின்னிஷ் இலக்கிய நாள்.

1939இல் ஃப்ரான்ஸ் எமில் சில்லன்பா இலக்கிய நோபல் பரிசு வாங்கினார். கிவியின் நாவல் வந்து 69 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பெயரையே மாற்றிக்கொண்டவர்கள்

1906 மே 12 ஸ்னெல்மானின் நூற்றாண்டு. அதையொட்டி ஒரு வேகம் கிளம்பியது. ஸ்வீடிஷ் குடும்பப் பெயர் வைத்திருந்த பல்லாயிரக்கணக்கானோர் பின்னிஷ் பெயருக்கு மாறினார்கள். முன்னேறுவதற்காகத் தாத்தா விட்ட பெயரைப் பேரன் திரும்ப எடுத்த மாதிரி.

கலேவலா காட்சிகளை வரைந்த புகழ்பெற்ற ஓவியர் ஆக்செல் காலென், 1907இல் அக்செலி கால்லென்-கல்லேலா ஆனார். பின்னாளில் அதிபரான பாசிகிவியின் பிறந்த குடும்பப் பெயர் ஹெல்ஸ்டேன். மாணவப் பருவத்திலேயே மாற்றிக்கொண்டவர்.

இந்த வேகத்துக்கு ரஷ்யாவும் ஒரு காரணம். 1899இல் பின்லாந்தின் தன்னாட்சியைக் குறைக்கும் ஆணை வந்தது. அதை எதிர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1900இல் உயர் நிர்வாகத்தில் ரஷ்ய மொழியைக் கொண்டுவரும் ஆணையும் வந்தது. ஒரு மொழி இப்போதுதான் பக்கத்து மொழியின் நிழலிலிருந்து வெளியே வருகிறது, அதற்குள் இன்னொரு மொழி மேலே வந்து உட்காரப் பார்க்கிறது. மக்கள் சும்மா இருப்பார்களா?

1917 டிசம்பர் 6இல் பின்லாந்து விடுதலை அறிவித்தது.

ஸ்வீடிஷ் பேசியவர்கள் என்ன ஆனார்கள்?

புது நாடு ஸ்வீடிஷை ஒழிக்கவில்லை. 1919 அரசியலமைப்பு இரண்டையும் தேசிய மொழிகள் என்றது. சண்டை இல்லாமல் இல்லை. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் எந்த மொழி என்பதற்காக 1920களிலும் 30களிலும் மாணவர் போராட்டங்கள் நடந்தன. 1937இல் வந்த சட்டத்துக்குப் பிறகே அங்கே பின்னிஷ் முதன்மை மொழியானது.

இன்று ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 சதவீதம் அல்லது 3,000 பேர் இருந்தால் அது இருமொழி நகராட்சி. அங்கே இரண்டு மொழியிலும் சேவை தர வேண்டும். பின்னிஷ் பிள்ளைகள் பள்ளியில் ஸ்வீடிஷ் படிக்க வேண்டும், ஸ்வீடிஷ் பிள்ளைகள் பின்னிஷ் படிக்க வேண்டும். 'கட்டாய ஸ்வீடிஷ் எதற்கு?' என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

ஆனால் பின்லாந்தின் பெருமை என்று சொல்லப்படும் பெயர்களைப் பாருங்கள். இசையமைப்பாளர் சிபேலியஸ், 'மூமின்' கதைகள் எழுதிய தோவே யான்சன், லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ். மூவருக்கும் தாய்மொழி ஸ்வீடிஷ். யாரும் அவர்களை வெளியாட்களாகப் பார்ப்பதில்லை.

தனக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்ததா பின்லாந்து?

இந்தக் கதையின் கசப்பான பகுதி இது. வடக்கே லாப்லாந்தில் வாழும் சாமி மக்கள் மூன்று சாமி மொழிகளைப் பேசுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் பின்னிஷ் வழியில் படித்தார்கள். தாய்மொழி பேசினால் திட்டும் அவமானமும். அந்தத் தலைமுறையில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் சாமி மொழி பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காலத்தில் ஸ்வீடிஷுக்கு முன் பின்னிஷ் பேசியவர் எந்த இடத்தில் நின்றாரோ, அதே இடத்தில் பின்னிஷுக்கு முன் சாமி பேசியவர் நின்றார்.

1991இல் சாமி மொழிச் சட்டம் வந்தது. 1997இல் இனாரி சாமி மொழிக்கு 'மொழிக்கூடு' தொடங்கினார்கள். மழலையர் காப்பகம் போன்ற இடம். அங்கே ஆசிரியர்கள் சாமி மொழி மட்டுமே பேசுவார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமிருந்து வந்த யோசனை இது. சில நூறு பேர் மட்டுமே பேசும் அந்த மொழியைப் பேசும் குழந்தைகள் இதனால் மறுபடி உருவானார்கள்.

இடம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. லாட்வியா கடற்கரையில் பேசப்பட்ட லிவோனிய மொழி, பின்னிஷின் நெருங்கிய சொந்தம். அதைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி நபர் 2013இல் இறந்தார்.

இப்போது சவால் ஆங்கிலமா?

பின்னிஷ் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் மொழி அல்ல. பள்ளி, கோர்ட், டிவி, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1995இல் பின்லாந்து சேர்ந்ததிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழி. எழுத்தில் ஒரு நடை, பேச்சில் ஒரு நடை என்பதும் அங்கே உண்டு. 'நான்' என்பதை 'மினே' என்று எழுதுவார்கள், 'மே' என்று பேசுவார்கள்.

ஆனாலும் கவலை இருக்கிறது. கேம், யூடியூப், வேலை இடம் என எங்கும் ஆங்கிலம். பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழிப் படிப்புகள் பெருகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஈர்க்க, ஹெல்சின்கியை ஆங்கில மொழி நகரமாக அறிவிக்கலாம் என்று 2021இல் அந்த நகர மேயரே பேசியது பெரிய விவாதமானது.

பின்னிஷ், ஸ்வீடிஷ், சாமி அல்லாத மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்று நாட்டில் சுமார் 10 சதவீதம். அவர்களுக்கு பின்னிஷ் கற்றுத்தராமல் ஆங்கிலத்திலேயே பேசி அனுப்பிவிட்டால், நல்ல வேலைக்கும் அவர்களுக்கும் நடுவே மொழி சுவராக நிற்கும். ஆக, 160 ஆண்டுகளுக்கு முன் ஸ்னெல்மான் கேட்ட அதே கேள்விதான். படித்தவர்களின் மொழியும் மக்களின் மொழியும் பிரிந்துவிடுமா?

தமிழோடு ஏதாவது தொடர்பு?

உண்டு. கலேவலா முழுவதும் தமிழில் கிடைக்கிறது. பின்லாந்தில் குடியேறிய ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்ற ஆர்.சிவலிங்கம் அதைச் செய்யுள் நடையில் மொழிபெயர்த்தார். 1994இல் வெளியானது. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதற்கு முன்னுரை எழுதியவர் ஹெல்சின்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்கோ பர்போலா. சிந்துவெளி எழுத்துகளின் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாதிடும் ஆய்வாளர். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு.கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது வாங்கியவர்.

கடைசியாக ஒன்று

பின்னிஷுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கிடையாது. பெரிய பேரரசு எதுவும் அதைப் பேசியதில்லை. பேசுகிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 50 லட்சம் பேர். பிறகு எப்படி நின்றது? 1858இல் ஒரு பள்ளியில் அந்த மொழியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கோர்ட்டில் அந்த மொழியில் பதில் சொல்ல அதிகாரிகளுக்கு 20 ஆண்டு கெடு வைத்தார்கள். இல்லாத சொல்லை உருவாக்கினார்கள். நன்றாகப் பேசத் தெரியாதவர்களும் வீட்டில் அதைப் பேசத் தொடங்கினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9 அன்று பின்லாந்து முழுக்கக் கொடியேற்றுகிறார்கள். அரிச்சுவடி எழுதிய அக்ரிகோலா இறந்த நாள் அது. கலேவலா தந்த லொன்ரோட் பிறந்ததும் 1802இல் அதே ஏப்ரல் 9தான்.